பிக்கப் ட்ரக்குக்கு ஸ்னோ பிளவ்: தெரிவு செய்வதில் இருந்து பூட்டி ஓடுவது வரை

ஒவ்வொரு ஒக்டோபரிலும் இரண்டு மூன்று பேராவது எனக்கு போன் எடுப்பார்கள். "அண்ணை, எட்டடி பிளேடு ஒன்று மலிவாக வருகுது, வாங்கட்டோ?" நான் திருப்பிச் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, முதல்ல உங்கட ட்ரக்கின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, அதில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கோ. பிறகு பிளேடைப் பற்றிக் கதைப்போம்."

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் பதினொரு குளிர்காலமாகப் பனி தள்ளுகிறேன். இந்தத் தொழிலில் காசை இழந்த நம்மவர்களில் பெரும்பாலானோர் பிளேடை, அதாவது ட்ரக்கின் முன்னால் பூட்டிப் பனி தள்ளும் தகட்டை, முதலில் வாங்கிவிட்டு, அதற்கு ட்ரக்கை ஒத்துவரச் செய்யப் பார்த்தவர்கள். வேலை நடக்க வேண்டியது மறுபக்கமாக. நிலம் என்ன கேட்கிறது, ட்ரக்கின் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும் தெரிந்தால் பிளேடு தானாகவே முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதி ஒன்ராறியோவுக்கு உரியது. மற்றவை பஃபலோவுக்கும் பொருந்தும், வினிப்பெக்குக்கும் பொருந்தும்.

1. எங்கே தள்ளப் போகிறீர்கள்?

நம்முடைய பக்கத்து வீடுகளை யோசித்துப் பாருங்கள். ட்ரைவே குட்டையானது, அதன் முடிவில் கராஜ் கதவு. கதவுக்கு முன்னால் கிடக்கும் பனியை முன்னுக்குத் தள்ள இடமில்லை. பிளேடைக் கதவடியில் இறக்கி, பின்னுக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டும். இந்தப் பின்னிழுவைதான் வீட்டு வேலையில் பாதி. பிளாசா வாகனத் தரிப்பிடம் என்றால் நிலைமை வேறு: நீளமாகத் தள்ளி, ஒரு மூலையில் உயரமாகக் குவிக்க வேண்டும். ஸ்ரூவ்வில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் போனால் சரளைக்கல் பாதைகள் வரும். அங்கே பிளேடு நிலத்தைச் சுரண்டினால் பனியோடு கல்லும் புல்லுக்குள் போய்விடும்.

எனவே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை வீடு, எத்தனை பிளாசா, நிலம் தாரா, கொங்கிறீற்றா, இன்ரர்லொக் கல்லா, சரளையா, தள்ளிய பனியை எங்கே விடுவது. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே நான்கடிப் புல்தரைதான் இருக்கிறது என்றால், ஜனவரி நடுவிலேயே அது நிரம்பிவிடும்.

ஒரே தெருவில் நெருக்கமாக ஐம்பது அறுபது சிறு வீடுகளைப் பிடிக்கும் திட்டம் இருந்தால், பிக்கப் உங்களுக்கு ஏற்ற கருவிதானா என்றும் யோசிக்க வேண்டும். மொன்றியலிலும் ஒட்டாவாவிலும் அந்த வேலையை டிராக்டர்கள்தான் செய்கின்றன. பின்பக்கம் பூட்டிய புளோவரோடு கராஜ் வரை பின்னால் போய், பனியை அள்ளி எறிந்துகொண்டே வெளியே வந்துவிடும்.

2. கதவு ஸ்டிக்கரும் முன் அச்சும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்த ஸ்டிக்கரில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது ட்ரக், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இருக்கக்கூடிய மொத்த எடை. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வொரு அச்சும் தாங்கக்கூடிய எடை, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பிளவ் பூட்டுகிறவருக்கு உயிர்நாடியான எண் முன் அச்சின் எண்தான்.

ஏனென்றால் பிளவ் அச்சுக்கு மேலே உட்காருவதில்லை, அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. தராசுத் தண்டில் குண்டைத் தள்ளி வைத்தால் எடை கூடுவது போல, முன் அச்சில் விழும் பாரம் பிளவின் சொந்த எடையை விடக் கூடுதலாக இருக்கும். கூடின அந்தப் பங்கு பின் அச்சில் இருந்து பறிபோகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளவின் எடை 750 இறாத்தல். தூக்கி வைத்திருக்கும்போது அதன் எடைமையம் முன் அச்சுக்கு 4 அடி முன்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 13 அடி. அப்படியானால் முன் அச்சில் கூடுவது 750-ஐ 17-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் வரும் எண்: ஏறக்குறைய 980 இறாத்தல். பின் அச்சில் குறைவது 230.

இப்போது ட்ரக்கை நிறுவைக்குக் கொண்டுபோங்கள். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் நிறுத்தங்களில் அச்சு அச்சாக நிறுத்துத் தருவார்கள். டாங்க் நிறைய எரிபொருள், நீங்களும் முன்சீட்டில் இன்னொருவரும் என்ற நிலையில் நிறுக்க வேண்டும். முன் அச்சில் 3,650 இறாத்தல் வருகிறது, ஸ்டிக்கரில் முன் அச்சுக்கு 4,800 போட்டிருக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 1,150. நம் 750 இறாத்தல் பிளேடு அதில் 980-ஐ எடுத்துக்கொள்ளும். போதும். அதே ட்ரக்குக்கு 900 இறாத்தல் வி-பிளவ் (நடுவில் மடியும் பிளேடு) ஆசைப்பட்டால்? 1,177 வரும். எல்லையைத் தாண்டிவிட்டது. பின்னால் ஈடுபாரமாக மணல் மூட்டை வைத்தால் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும், அதைக் கீழே சொல்கிறேன்.

முன் ஸ்பிரிங்குக்கு உதவியாக ரப்பர் தாங்கிகள் விற்கிறார்கள், டிம்பிரன் போன்றவை. நல்ல சாமான், நானும் போட்டிருக்கிறேன். பிளேடைத் தூக்கும்போது ட்ரக்கின் மூக்குத் தாழாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அச்சு, பெயரிங், போல் ஜொயின்ற், பிறேக் எதையும் அது பலப்படுத்துவதில்லை. ஸ்டிக்கரில் இருக்கும் எண் அதே எண்தான். "இதைப் போட்டால் எட்டடி தாங்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் முதல் ட்ரக் ஒரு அரை டன் (பிக்கப்புகளை அரை டன், முக்கால் டன் என்று பார வகையால் சொல்வார்கள், முக்கால் டன் பலமானது). அதில் தாங்க முடியாத பிளேடைப் பூட்டி ஓடி, இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் முன்பக்க போல் ஜொயின்றுகள் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. அந்த ஆண்டின் உழைப்பில் நல்ல பங்கு அதற்கே போனது.

இந்தக் கணக்கை உங்களுக்காகப் போட்டுத் தரும் வசதியும் இருக்கிறது. வெஸ்டர்ன், ஃபிஷர் இரண்டும் டக்ளஸ் டைனமிக்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். அவர்களின் இணையத்தளத்தில் ட்ரக்கின் ஆண்டு, மொடல், கேப், எஞ்சின் எல்லாம் கொடுத்தால் எந்தப் பிளேடு பொருந்தும், எவ்வளவு ஈடுபாரம் வேண்டும் என்று காட்டும். நம்பகமான கடைக்காரர் உங்களை இருத்தி வைத்து அதை நிரப்புவார். நிரப்பாமலே "ஓம், பூட்டலாம்" என்கிற கடையில் இருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

3. ட்ரக் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்

அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். தொழிற்சாலையிலேயே பிளவுக்குத் தயார் செய்த ட்ரக்கைக் கேட்டு வாங்குங்கள். ஃபோர்ட் சூப்பர் டியூட்டியில் ஸ்னோ பிளவ் தயாரிப்புப் பொதியின் குறியீடு 473. ஷெவி, ஜிஎம்சி ஹெவி டியூட்டியில் அது வி-வை-யூ. ரேம் ட்ரக்கில் ஸ்னோ சீஃப் என்று பெயர். பலமான முன் ஸ்பிரிங், பெரிய ஒல்டர்நேட்டர், அடிப்பாகக் கவசம், கூரை விளக்குக்கு வயர் என்று கம்பனிக்குக் கம்பனி உள்ளடக்கம் மாறும். பாவித்த ஜிஎம் வாகனம் என்றால் குறியீடுகள் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். பழைய மொடல்களில் டாஷ்போட் பெட்டியைத் திறந்தால் தெரியும்.

முன்பக்க அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஃபோர்ட், ரேம் ஹெவி டியூட்டி நான்குசில் ஓட்டங்களில் ஒரே இரும்பாக முழு அச்சும் கொயில் ஸ்பிரிங்கும். ஜிஎம்மில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக அசையும், டோர்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு தாங்கும். பாதையில் ஓட ஜிஎம் சுகம். பிளவுக்கு நான் முழு அச்சைத்தான் விரும்புகிறேன், ஆனால் வி-வை-யூ பொதியோடு வந்த ஜிஎம்மில் ஆண்டுக்கணக்காகப் பிரச்சினையில்லாமல் ஓடுகிறவர்களையும் தெரியும்.

டீசல் எஞ்சின், நான்கு கதவு, குட்டைப் பெட்டி இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் முன் அச்சில் பிளவுக்கு இடம் மிஞ்சாது. டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினை விடப் பல நூறு இறாத்தல் கனம், அதுவும் நேரே முன் அச்சின் மேல். பனி தள்ளத்தான் ட்ரக் என்றால் முக்கால் டன், பெற்றோல் எஞ்சின், இரண்டு கதவு, எட்டடிப் பெட்டி. பார்க்க வடிவில்லை, குடும்பத்தை ஏற்ற முடியாது, ஆனால் இந்த வேலைக்கு அதற்கு மேல் ஒன்றில்லை.

அரை டன் ட்ரக்குக்கும் பிளவ் உண்டு. எடை குறைந்த, ஏழு அல்லது ஏழரை அடிப் பிளேடுகள். பத்துப் பதினைந்து வீடுகளுக்குக் காணும். ஹொண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்ட் மேவரிக் போல அடியில் தனி இரும்புச் சட்டகம் இல்லாமல் கார் மாதிரிக் கட்டிய பிக்கப்புகளை இந்த வேலைக்கு யோசிக்க வேண்டாம்.

4. எந்த வகைப் பிளேடு?

நேர் பிளேடு, வி-பிளேடு, இறக்கை விரியும் பிளேடு என்று மூன்று.

வீட்டு வேலைக்கு நேர் பிளேடு போதும். எளிமை, எடை குறைவு, பழுதாகும் பாகங்களும் குறைவு. வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கீழ்நோக்கி அழுத்தம் கொடுக்குமா என்பதுதான். சாதாரணப் பிளேடு தன் எடையால் மட்டும் நிலத்தில் கிடக்கும். பின்னுக்கு இழுக்கும்போது இறுகிய பனிக்கு மேல் ஏறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஹைட்ராலிக் அழுத்தம் இருக்கும் பிளேடு பனியைக் கீழிருந்து கிளப்பி இழுத்து வரும். கராஜ் கதவடியில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு இறங்கி ஷவல் பிடிக்க வேண்டும்.

வி-பிளேடு நடுவில் மடியும். கூராக்கி ஆழப் பனியைப் பிளக்கலாம், குழியாக்கி அள்ளிக்கொண்டு போகலாம், நேராகவும் வைக்கலாம். நகரசபை வண்டி ட்ரைவே வாசலில் விட்டுப்போகும் கனத்த பனிக்கரையை உடைக்க இதைப் போல வேறில்லை. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவில் விழுந்த பனியில், நேர் பிளேடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு ட்ரைவேயையும் நாலைந்து துண்டாகப் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வி-பிளேட்டுக்காரர்கள் நடுவால் பிளந்துகொண்டு உள்ளே போனார்கள். ஆனால் எடை கூட, விலை கூட, நடு மூட்டுக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டும். முன் அச்சுக் கணக்கு இடம் கொடுத்தால் மட்டும் எடுங்கள்.

இறக்கை விரியும் வகை, உதாரணமாக வெஸ்டர்ன் வைட்-அவுட், எட்டடியில் இருந்து பத்தடி வரை விரியும். பெரிய பிளாசாக்களுக்கு நேரத்தை நன்றாக மிச்சம் பிடிக்கும். வீடுகளுக்கு வீண்செலவு.

5. அகலம்

பிளேடு நேராக நிற்கும்போது உள்ள அகலத்தைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். நீங்கள் பாதி நேரம் சரித்து வைத்துத்தான் தள்ளுவீர்கள். 30 பாகை சரித்தால் வெட்டும் அகலம் 13 சதவீதம் குறையும். ஏழரை அடி, அதாவது 90 அங்குலப் பிளேடு 78 அங்குலமாகிவிடும். எட்டடிப் பிளேடு 83 அங்குலம். முக்கால் டன் ட்ரக்கின் உடல் அகலம் ஏறக்குறைய 80 அங்குலம். கணக்கு விளங்குகிறதுதானே? ஏழரை அடியைச் சரித்து ஓடினால் ஒரு பக்க ரயர் தள்ளாத பனியில் ஏறி அதை இறுக்கிவிடும். அதனால் முக்கால் டன்னுக்கு எட்டடி, அரை டன்னுக்கு ஏழரை அடி என்பது நல்ல தொடக்கப் புள்ளி. எட்டடிக்கு முன் அச்சில் இடமில்லை என்றால் ஏழரை எடுத்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படும்படி ஓடுங்கள். பத்தடி ஒற்றை ட்ரைவேயில் எட்டரை அடிப் பிளேடு வைத்துக்கொண்டு திரும்ப முடியாமல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

6. ட்ரிப், கட்டிங் எட்ஜ், ஷூ

பனிக்குக் கீழே மூடிக் கிடக்கும் மான்ஹோல் விளிம்பிலோ சீமெந்து மேட்டிலோ பிளேடு மோதினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து மடங்க வேண்டும். இதைத்தான் ட்ரிப் என்பார்கள். முழுப் பிளேடும் முன்னுக்குச் சாயும் வகை ஒன்று, அடி விளிம்பு மட்டும் மடங்கும் வகை இன்னொன்று. ஃபிஷர் அடி விளிம்பு மடங்குவதற்குப் பேர் போனது. அது மடங்கும்போது பிளேட்டில் இருக்கும் பனி சிந்தாது. ஆனால் தடை அந்த விளிம்பை விட உயரமாக இருந்தால், அடி முழுவதும் சட்டத்துக்குத்தான். வெஸ்டர்னின் நேர் பிளேடுகளில் முழுத் தகடும் சாயும். உயரமான தடையிலும் காப்பாற்றும், ஆனால் பனியைக் கொட்டிவிடும். பொஸ் நிறுவனத்தின் டி-எக்ஸ்-டி வி-பிளேட்டில் இரண்டும் சேர்ந்து வரும். தெரியாத, மேடு பள்ளமான பிளாசாக்களில் மாறி மாறி ஓடுகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

வளைந்த தகடு இரும்பா, பிளாஸ்டிக்கா, துருப்பிடிக்காத எஃகா என்று கடையில் நெடுநேரம் கதைப்பார்கள். ஈரப்பனி பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்கும், இரும்புக்கு ஆண்டுதோறும் பெயின்ற் தொட வேண்டி வரும். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கட்டிங் எட்ஜில், அதாவது நிலத்தைச் சுரண்டும் அடி விளிம்பில், கவனம் வையுங்கள். தாருக்கும் கொங்கிறீற்றுக்கும் இரும்பு விளிம்பு. இன்ரர்லொக் கல்லுக்கு யூரிதேன் அல்லது ரப்பர் விளிம்பு. இரும்பால் ஒரு கல் கிளம்பினால், இளவேனிலில் வீட்டுக்காரர் அதைத்தான் முதலில் காட்டுவார். இரும்பு விளிம்பு தேயும் சாமான். அது முழுதாகத் தேயும் வரை ஓடினால் அடுத்துத் தேய்வது பிளேட்டின் அடிச்சட்டம், அதைச் சரிசெய்வது பெரிய செலவு. ஷூ, அதாவது பிளேடை நிலத்தில் இருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும் பாதம், சரளைக்கல்லுக்கு மட்டும்தான் வேண்டும். தார் நிலத்தில் ஷூவோடு ஓடினால் மெல்லிய படையாகப் பனி மிஞ்சி, அது இறுகி ஐஸாகும்.

ரப்பர் ஸ்னோ டிஃப்ளெக்டர் ஒன்றையும் பிளேட்டின் மேல் விளிம்பில் கட்டாயம் போடுங்கள். தூள்பனி கண்ணாடியில் அடிக்காமல் அது தடுக்கும். இரண்டு மூலையிலும் நிற்கும் உயரக் குச்சிகளும் அப்படித்தான். இருட்டில் பிளேடு எங்கே முடிகிறது என்று அவைதான் சொல்லும்.

7. கொழுவியும் வயரும்

ட்ரக்கின் அடியில் பூட்டும் கொழுவி ஒவ்வொரு ட்ரக் மொடலுக்கும் தனியானது. வயர் தொகுதியும் அப்படித்தான். "பிளேடு மலிவு" என்று பாவித்ததை வாங்குகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். பிளேடு வேறு ட்ரக்கில் இருந்து கழற்றியதாக இருக்கும். உங்கள் ட்ரக்குக்குக் கொழுவி, வயர், கொன்ட்ரோலர் எல்லாம் புதிதாக வாங்கும்போது மலிவு போய்விடும். பாவித்த பிளேடு பார்க்கப் போனால் முதலில் முக்கோணச் சட்டத்தின் வெல்டிங்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும் ஆணிகளின் துளைகள் முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறதா, ரம் (பிளேடைத் தூக்கிச் சரிக்கும் ஹைட்ராலிக் உருளை) தண்டுகளின் குரோம் குழி விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பற்றரியைக் கொழுவி, தூக்கி, இரண்டு பக்கமும் சரித்து, பத்து நிமிடம் தூக்கியபடி விட்டுப் பாருங்கள். மெல்ல இறங்கினால் வால்வோ சீலோ கசிகிறது.

பிளவின் ஹைட்ராலிக் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. தூக்கும் அந்தச் சில விநாடிகளில் அது இருநூறு அம்பியர் அளவுக்கு இழுக்கும். அதோடு ஹீற்றர், கண்ணாடி உருக்கி, பிளவ் விளக்கு, கூரை விளக்கு எல்லாம் ஓடும்போது எஞ்சின் ஐடிலில்தான் நிற்கும். பலமான பற்றரி, பெரிய ஒல்டர்நேட்டர் இரண்டும் வேண்டும். குறைந்தது 720 குளிர்த்தொடக்க அம்பியர் (CCA) உள்ள பற்றரியைப் போடுங்கள். 2022-இல் அந்தப் பெரும் பனி விழுந்த இரவு, ஐந்து வயதான பற்றரியோடு வெளிக்கிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குப் பிளேடு பாதி உயரத்தில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நாலாவது குளிர்காலத்துக்கு முன் பற்றரியை மாற்றிவிடுவேன், நன்றாக வேலை செய்தாலும்.

பிளேடைத் தூக்கினால் ட்ரக்கின் சொந்த விளக்கு மறைந்துவிடும், அதற்காகத்தான் பிளவில் தனி விளக்கு. இரண்டுக்கும் இடையில் மாற்றித் தரும் மொடியூல் உங்கள் ட்ரக்கின் விளக்கு வகைக்கு, ஹலஜனா எல்.இ.டி.யா என்பதற்கு, சரியாகப் பொருந்த வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு பட்டறையில் பொருந்தாத மொடியூலைப் பூட்டி விட்டார்கள். இடதுபக்க சிக்னல் வேலை செய்யாமல் இரண்டு நாள் ஓடியிருக்கிறேன், பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்துத்தான் தெரியும். பூட்டி முடிந்ததும் கடை வாசலிலேயே எல்லா விளக்கையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். புதிய ட்ரக்குகளில் முன்பக்க ராடார், கமரா இருக்கும். பிளேடு மறைக்கும்போது தானியங்கி பிறேக் தவறாக வேலை செய்யலாம். அதை நிறுத்தி வைக்கும் முறையை வாகனத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப்பைகள் இருப்பதால், உங்கள் மொடலுக்கென்று கம்பனி அனுமதித்த கொழுவியைத் தவிர வேறெதையும் வெல்டிங் செய்து பொருத்த விடாதீர்கள்.

வயர் இணைப்புகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். பனிக்காலத்தில் வரும் மின் பழுதில் பெரும்பங்கு உப்புத் தண்ணீர் ஏறிய இணைப்புகளால்தான்.

8. பின்னால் ஈடுபாரம்

மேலே கணக்கில் பின் அச்சு 230 இறாத்தல் இழந்தது நினைவிருக்கிறதா? பின் சில்லு பனியில் பிடிப்பில்லாமல் சுற்றும், பிறேக் பிடித்தால் பின்பக்கம் சறுக்கும். இதற்கு மணல் மூட்டைகள். எங்கே வைப்பது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். கேபினுக்குப் பின்னால் சாத்தி வைத்தால் அது முன் அச்சிலும் பாரம் ஏற்றும். பின் அச்சுக்கும் ரெயில்கேற்றுக்கும் இடையில் வைக்க வேண்டும். அச்சுக்கு 3 அடி பின்னால் 500 இறாத்தல் வைத்தால், அதே 13 அடி ட்ரக்கில் பின் அச்சில் 615 கூடும், முன் அச்சில் 115 குறையும். மேலே எல்லையைத் தாண்டிய வி-பிளவ் இப்போது 1,062 ஆகிறது, எல்லைக்குள் வந்துவிட்டது. அதே நேரம் மொத்த எடையும் பின் அச்சு எண்ணும் தாண்டாமல் பார்க்க வேண்டும். உங்கள் பிளேட்டுக்கு எவ்வளவு என்பதைப் பிளவ் கம்பனி சொல்லும், அந்த அளவையே வையுங்கள். மரச்சட்டம் அடித்து, நாடா போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அவசரமாக பிறேக் பிடித்தால் கட்டாத மூட்டை முன்னுக்குப் பாயும்.

உப்பு விசிறியையே ஈடுபாரமாக நினைப்பவர்கள் உண்டு. நிறைய இருக்கும்போது சரி. இரவு மூன்று மணிக்கு உப்பு தீர்ந்த பிறகு? இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஒரு கன யார் உப்பு இரண்டாயிரம் இறாத்தலுக்கு மேல். ஒன்றரை யார்ப் பெட்டியை நிரப்பினால் உப்பு மட்டுமே மூவாயிரத்தைத் தாண்டும். முக்கால் டன் ட்ரக்கில் முன்னால் பிளவும் பின்னால் அதுவும் என்றால் ஸ்டிக்கரை மறுபடி பார்க்க வேண்டிய நேரம். வீட்டு வேலைக்கு ரெயில்கேற்றில் பூட்டும் சிறு விசிறி காணும். இன்னொன்று, சாதாரண உப்பு மைனஸ் பத்து பாகைக்குக் கீழே சோர்ந்துவிடும். அதற்குக் கீழே கல்சியம் குளோரைட் கலந்தது வேண்டும்.

ரயர் பற்றிச் சுருக்கமாக: மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள குளிர்கால ரயர், பாரம் தாங்கும் "ஈ" (E) ரகம், நாலும் ஒன்றாக.

9. ஒன்ராறியோவில் சட்டமும் காப்புறுதியும்

தள்ளிய பனியைத் தெருவில் விடக் கூடாது. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு எழுத்துமூல அனுமதி இல்லாமல் வீதியில் பனியோ ஐஸோ போடுவதைத் தடுக்கிறது. எதிர்வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்ட ஒன்று, ஆனால் குற்றம் குற்றம்தான். கூரை விளக்கு செம்மஞ்சள் நிறமாக இருக்கட்டும். நீல ஒளி வீதி பராமரிக்கும் வண்டிகளுக்கு உரியது, தனியார் போடக் கூடாது.

வணிக வாகனத்தின் எடை 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். எனப்படும் வணிக வாகன இயக்குநர் பதிவு, ஆண்டுப் பரிசோதனை போன்றவை வரும். 4,500 கிலோ என்றால் 9,920 இறாத்தல் அளவு. முக்கால் டன் ட்ரக்குகள் பல அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கின்றன, பிளவும் மணலும் உப்பும் ஏறினால் எளிதில் தாண்டும். முதலிலேயே போக்குவரத்து அமைச்சின் விதியை வாசித்துப் பதிவு செய்துவிடுங்கள்.

குடும்ப வாகனக் காப்புறுதி பனி தள்ளும் தொழிலுக்குப் பொருந்தாது. வணிக வாகனக் காப்புறுதியும் பொறுப்புக் காப்புறுதியும் தனித்தனியாக வேண்டும். 2021 ஜனவரி 29 முதல், பனியிலோ ஐஸிலோ வழுக்கி விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கு எதிரான வழக்கும் இதில் அடங்கும். அறிவித்தல் வந்தால் அந்த நாள் என்ன செய்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் வந்த நேரம், போன நேரம், போட்ட உப்பு, ஒரு போன் படம். இரண்டு நிமிட வேலை. அதைத் தவறவிடாதீர்கள்.

10. முதல் பனிக்கு முன்னும் முதல் இரவிலும்

நவம்பரில் நிலம் உறைவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் பகலில் போய் நடந்து பாருங்கள். கல் விளிம்பு, தண்ணீர்க் குழாய் மூடி, தாழ்ந்த மரக்கிளை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஓரங்களில் குச்சி நடுங்கள். ஏற்கெனவே உடைந்திருக்கும் கல்லையும் படம் எடுத்து வைத்தால் மார்ச் மாதத்தில் வாக்குவாதம் இருக்காது.

வெறும் தரிப்பிடம் ஒன்றில் பூட்டிக் கழற்றிப் பழகுங்கள். தள்ளும்போது மணிக்கு 15 கிலோமீற்றர் அளவுக்கு மேல் வேண்டாம், பிளவைத் தூக்கிக்கொண்டு பாதையில் போகும்போது 70-க்கு மேல் வேண்டாம். பிளேடு ரேடியேற்றருக்குக் காற்றை மறைக்கும். நீண்ட தூரம் ஓடும்போது பிளேடைச் சரித்து, கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், வெப்பமுள் மேலே போனால் நிறுத்துங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் மாற்றும்போது வாகனம் முழுதாக நின்ற பிறகே மாற்ற வேண்டும். ஒரு இரவில் சில நூறு தடவை மாற்றுவீர்கள், அவசரப்பட்டால் கியர்ப்பெட்டிதான் போகும். பனி தொடர்ந்து விழும் நாளில் முப்பது செமீ சேரும் வரை காத்திருக்காமல், பத்து செமீக்கு ஒருமுறை ஓடுவது ட்ரக்குக்கும் உங்களுக்கும் இலகு. வாகனத்தை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை நிலத்தில் இறக்குங்கள். பின்னால் போகும்போது கமராவில் பனி ஒட்டியிருக்கும், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். பனி விட்ட காலையில் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள்.

வண்டியில் எப்போதும் என்னிடம் இருப்பவை: ஒரு உபரி ஹைட்ராலிக் ஹோஸ், இரண்டு லீற்றர் பிளவ் ஒயில், ட்ரிப் ஸ்பிரிங் ஒன்று, பூட்டும் ஆணிகள், பம்புக்கு மின்சாரம் திறக்கும் சொலனொயிட் ஒன்று, இழுவை நாடா, பற்றரி பூஸ்ரர், ஷவல், மாற்றுக் கையுறை, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. பாவிக்கும் ஒயில் கம்பனி சொன்ன குளிர்கால ஒயிலாகவே இருக்கட்டும். எஞ்சின் ஒயிலை ஊற்றினால் மைனஸ் இருபதில் பிளேடு எழும்பாது.

ஏப்ரலில் உப்புப் போகக் கழுவி, ஒயிலைப் புதிதாக மாற்றி, தண்ணீர் கலந்து பால்நிறமாகியிருக்கிறதா என்று பார்த்து, ரம் தண்டுகளை முழுதாக உள்ளே இழுத்து, வெளியே தெரியும் குரோமில் கிரீஸ் பூசி, மரக்கட்டையின் மேல் பிளேடை இறக்கி மூடி வையுங்கள். கட்டிங் எட்ஜ் தேய்ந்திருந்தால் அப்போதே ஓடர் கொடுங்கள். டிசம்பரில் கடையில் இருக்காது.